ஜேம்ஸ் வாட்டும் கணக்குக் கோலும்

நீராவி இயந்திரம் என்றவுடன் நம் பள்ளிப் பாடநூல்கள் ஒரு கெண்டியையும், அதன் மூடி ஆவியால் எழுந்து விழுவதை வியந்து நோக்கும் ஒரு சிறுவனையும் நம் கண்முன் நிறுத்துகின்றன. அக்கதையை நாம் இங்கு விரிக்கப் போவதில்லை. அழகிய கதையேயாயினும், ஓர் அறிஞரின் நெடுநாள் உழைப்பை ஒரு நொடிப்பொழுதுக்குள் அடக்கிவிடும் கதை அது. மேலும், ஜேம்ஸ் வாட் நீராவி இயந்திரத்தை முதன்முதலில் படைத்தவரும் அல்லர். அவர் பிறப்பதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்னரே, 1712 இல், தாமஸ் நியூகாமன் என்பார் சுரங்கத்து நீரை இறைக்கும் நீராவி இயந்திரத்தை நிறுவி இயக்கிக் காட்டிவிட்டார்.

வாட்டின் பெருமை வேறிடத்தில் உள்ளது. எதனை எவ்வளவு நுட்பமாக அளக்க வேண்டும், எவ்வளவு பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்து தெளிந்தவர் அவர். அத்தெளிவு தம்மோடு நின்றுவிடாமல், தம் பட்டறையில் உழைத்தோர் கைக்கும் ஒரு சிறு மரக்கோலின் வாயிலாகச் சேர வழி செய்தார். ஸ்லைடு ரூல் என்று பொறியாளர்கள் அழைத்த அக்கணக்குக் கோலை இன்றைய மாணவர் பலர் கண்ணாலும் கண்டிருக்க மாட்டார்கள். எனினும் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் உலகின் பாலங்களும் கப்பல்களும் விமானங்களும் அக்கோலால் கணக்கிடப்பட்டவையே. அதன் வரலாற்றில் வாட்டுக்குரிய இடத்தை அவருடைய வாழ்க்கையோடு சேர்த்துக் காண்போம்.

வாட் 1736 ஆம் ஆண்டு ஜனவரி 19 ஆம் நாள் ஸ்காட்லாந்தில் கிளைடு ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய கிரீனக் என்னும் துறைமுகச் சிற்றூரில் பிறந்தார். பாட்டனார் மாலுமிகளுக்குக் கணிதம் கற்பித்த ஆசிரியர். தந்தையார் மரவேலையும் கப்பல் சாமான் வாணிகமும் செய்தவர். மாலுமிகளின் கருவிகளைப் பழுது பார்ப்பதும் அவர் கடையின் தொழில்களுள் ஒன்று. நோயாளிப் பிள்ளையாகிய வாட், கடுந்தலைவலியால் பள்ளிக்குச் செல்ல இயலாத நாட்களில் வீட்டிலேயே கற்றார். தந்தையின் பட்டறையில் அவருக்கெனச் சிறு மேசையும் கருவிகளும் இருந்தன. கையும் கணக்கும் ஒரே இடத்தில் பழகிய பிள்ளை அவர்.

கணிதக் கருவிகள் செய்யும் தொழிலைக் கற்க விரும்பிய வாட், 1755 இல் குதிரைமீது ஏறி ஏறக்குறைய இரு வாரம் பயணம் செய்து லண்டன் மாநகரை அடைந்தார். ஆங்கே அவருக்குக் கதவுகள் திறக்கவில்லை. ஏழாண்டுக் காலம் முறைப்படி ஒரு தொழிலாசானிடம் பயிற்சி பெற்றாலன்றி எவரையும் தொழிலில் சேர்த்துக்கொள்ளலாகாது என்பது அந்நாளைய தொழிற்சங்கங்களின் கட்டளை. வாட்டுக்கோ ஏழாண்டு தங்கப் பொருளும் இல்லை, பொறுமையும் இல்லை. இறுதியில் ஜான் மார்கன் என்னும் கைவினைஞர் 20 கினி பெற்றுக்கொண்டு ஓராண்டு கற்பிக்க இசைந்தார். வாரத்திற்கு 8 ஷில்லிங்கில் வயிற்றைக் கழுவிக்கொண்டு வாட் கற்றார். பதிவு பெற்ற பயிற்சியாளர் அல்லராதலின், கடற்படைக்கு ஆள் பிடிப்போர் கையில் சிக்கினால் தம்மை மீட்பார் எவருமில்லை என அஞ்சித் தெருவில் நடமாடுவதையும் குறைத்துக்கொண்டார்.

அவ்வோராண்டில் அவர் கற்றவை அளவுகோல்கள், கோணமானிகள், திசைகாட்டிகள் முதலியன. அவற்றுள் செக்டர் என்னும் பித்தளைக் கருவி நாம் கருதத்தக்கது. இரு கைகள் கீலால் இணைந்த அக்கருவியில் பலவகைக் கணக்குக் கோடுகள் பொறிக்கப்பட்டிருக்கும். பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் உதவும் மடக்கைக் கோடுகளும் பெரும்பாலும் அவற்றுள் இருக்கும். ஆகவே, கணக்கை எண்களாக எழுதிக் காணாமல் நீளங்களாக அளந்து காணும் கலை வாட்டுக்கு இருபது வயதிற்குள்ளேயே கைத்தொழிலாகப் படிந்தது எனலாம். கோட்டைத் தம் கையாலேயே பொறித்தவர் ஆதலின், அக்கோடு எவ்வளவு நம்பத்தக்கது என்பதும் அவருக்குத் தெரியும்.

1756 இல் ஊர் திரும்பி, கிளாஸ்கோ நகரில் கடை வைக்க முற்பட்டார். அங்கும் தடை எழுந்தது. உலோகத்தைச் சுத்தியலால் அடித்து வேலை செய்வோரின் சங்கம், வாட் அந்நகரத்து உரிமைக் குடிமகனின் மகனும் அல்லர், அங்கு முறையாகப் பயின்றவரும் அல்லர் என்று காட்டி அனுமதி மறுத்தது என அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். பிறப்பையும் வழிமுறையையும் காட்டித் தொழிலின் கதவை அடைக்கும் வழக்கம் எவ்வாறு இயங்கும் என்பதை நம் மக்களுக்கு விளக்கிக் கூற வேண்டியதில்லை. சங்கத்தின் ஆட்சி எல்லைக்குள் அடங்காத இடம் ஒன்று அந்நகரில் இருந்தது. அதுவே கிளாஸ்கோ பல்கலைக்கழகம். 1757 இல் பல்கலைக்கழகத்தார் தம் கட்டடத்துக்குள்ளேயே வாட்டுக்கு ஓர் அறை தந்து, தம் கணிதக் கருவி செய்வோர் என்னும் பெயரையும் அளித்தனர். பட்டமில்லாத ஒரு கைவினைஞரின் அறைக்கு ஜோசப் பிளாக் போன்ற பேராசிரியர்களும் மாணவர்களும் நாள்தோறும் வந்து உரையாடினர்.

ஆயினும் வாட்டை ஆதரவற்ற ஏழையென மிகைப்படுத்திக் கூறுதல் உண்மைக்கு ஒவ்வாது. அவர் தந்தை வணிகர். தாய்வழி உறவினர் ஒருவர் அப்பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியர். இன்னொன்றையும் நாம் மறைக்கலாகாது. தந்தையின் வாணிகம் அட்லாண்டிக் கடலைக் கடந்து, அடிமைகளின் உழைப்பில் விளைந்த பொருள்களோடு பின்னிப் பிணைந்திருந்தது. 1762 இல் கறுப்பினச் சிறுவன் ஒருவனை ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு ஒப்படைக்கும் காரியத்தில் வாட் தாமே ஈடுபட்டார் என்பதை அண்மைக் கால ஆய்வாளர்கள் கடிதச் சான்றுகளால் நிறுவியுள்ளனர். பல்கலைக்கழகத்தில் அவருக்கு முதன்முதல் கிடைத்த வேலை, ஜமைக்காவில் அடிமைகளை வைத்திருந்த ஒரு செல்வர் விட்டுச்சென்ற வானியல் கருவிகளைத் துலக்குவது. பிற்காலத்தில் அவருடைய நிறுவனத்தின் இயந்திரங்கள் மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கும் சென்றன. தமக்கு அடைக்கப்பட்ட கதவின் வலியை அறிந்தவர், பிறருக்குப் பூட்டப்பட்ட விலங்கைக் கண்டு அன்று கலங்கினார் என்பதற்குச் சான்றில்லை. பெரியோர் வாழ்க்கையை எழுதுங்கால் இத்தகைய பக்கத்தைக் கிழித்துவிடும் வழக்கம் நமக்கு வேண்டா.

இனி அவர் தொழிலுக்கு வருவோம். கருவி விற்பனை போதாத நாட்களில் வாட் இசைக் கருவிகளும் செய்தார். அவருக்கு இசைச் செவியே இல்லை என்பர். எனினும் ஓர் ஆர்கன் செய்ய முனைந்தபோது சுருதி சேர்க்கும் கணக்கை நூலின் வாயிலாகவே கற்றுத் தேர்ந்தார். எல்லாச் சுருதி இடைவெளிகளும் ஒரே வேளையில் முழுத் தூய்மையோடு அமைய இயலாது. ஒவ்வொன்றிலும் சிறிது பிழையை விட்டு, செவி பொறுக்கும் அளவில் அப்பிழையைப் பங்கிட வேண்டும். இது இசைவாணருக்கு மட்டும் உரிய செய்தியன்று என்பதைப் பின்னர் காண்போம்.

1763-64 ஆம் ஆண்டுக் காலத்தில் பல்கலைக்கழகத்திலிருந்த நியூகாமன் இயந்திரத்தின் சிறு மாதிரி ஒன்று பழுது பார்க்க அவரிடம் வந்தது. பழுது நீக்கியும் அது சில வீச்சுகளுக்கு மேல் ஓடவில்லை. கொதிகலன் தரும் ஆவி போதவில்லை. வாட் ஆவியை அளக்கத் தொடங்கினார். நீர் ஆவியாகும்போது எத்தனை மடங்கு விரிகிறது எனச் சோதித்து, ஏறக்குறைய 1800 மடங்கு எனக் கண்டார். பின்னர் அதனை எவரும் மறவாத வடிவில் அமைத்துக்கொண்டார்: ஒரு கன அங்குல நீர் ஏறக்குறைய ஒரு கன அடி ஆவியாகும். ஒரு கன அடி என்பது 1728 கன அங்குலம். இன்றைய நுண்ணளவையில் குளிர்ந்த நீர் சாதாரண அழுத்தத்தில் கொதித்து ஆவியாகும்போது ஏறக்குறைய 1670 மடங்கு விரிகிறது. வாட்டின் விதியில் உள்ள பிழை நூற்றுக்கு மூன்று நான்கு பங்கே. கொதிகலன் கட்டும் தொழிலாளிக்கு அப்பிழையால் கேடில்லை. நினைவில் நிற்கும் விதியால் நன்மை மிகுதி.

இவ்வளவைகளிலிருந்து உண்மை வெளிப்பட்டது. ஒவ்வொரு வீச்சிலும் உருளைக்குள்ளேயே குளிர்நீரைத் தெளித்து ஆவியைச் சுருக்குவதால் உருளையும் குளிர்கிறது. அடுத்த வீச்சில் அதனை மீண்டும் சூடாக்குவதிலேயே ஆவியின் பெரும்பகுதி வீணாகிறது. 1765 இல், ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளாஸ்கோ நகரத்துப் பசும்புல் வெளியில் உலாவும்போது, ஆவியை வேறொரு கலத்துக்கு இழுத்து அங்கே குளிர்விக்கலாம் என்னும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. உருளை எப்போதும் சூடாகவே இருக்கலாம். குளிர்கலம் எப்போதும் குளிர்ந்தே இருக்கலாம். 1769 இல் காப்புரிமை கிடைத்தது.

எண்ணம் ஒரு நாளில் பிறந்தது. இயந்திரம் பிறக்கப் பதினோராண்டு ஆயிற்று. காரணம், பிஸ்டனுக்கும் உருளைக்கும் இடையே ஆவி கசிந்தது. நியூகாமன் இயந்திரத்தில் பிஸ்டன்மேல் நீரை ஊற்றி வைத்து இடைவெளியை அடைத்தனர். சூடாகவே இருக்க வேண்டிய வாட்டின் உருளையில் அது இயலாது. பெரிய உருளையை வட்டமாகக் குடையும் திறன் அந்நாளைய பட்டறைகளில் இல்லை. துணியும் தக்கையும் கொழுப்பும் எனப் பலவற்றை வைத்து அடைத்துப் பார்த்தும் பயனில்லை. குடும்பத்தைக் காக்க வாட் கால்வாய்களுக்கு நிலம் அளக்கும் தொழிலை மேற்கொண்டு மழையிலும் சேற்றிலும் அலைந்தார். 1773 இல் முதல் மனைவி மறைந்தார். பங்காளியாக இருந்த ரோபக் நொடித்துப் போனார். 1774 இல் வாட் பர்மிங்ஹாமுக்குக் குடிபெயர்ந்து, மாத்யூ போல்டன் என்னும் தொழிலதிபரோடு கூடினார். நகருக்கு அருகிலிருந்த போல்டனின் சோஹோ தொழிற்சாலையே பின்னாளில் வாட்டின் கோயிலாயிற்று.

அதே 1774 இல் ஜான் வில்கின்சன் என்னும் இரும்பு ஆலை உரிமையாளர் பீரங்கிக் குழாயைக் குடைய ஒரு புதிய இயந்திரம் அமைத்திருந்தார். அம்முறையை ஒட்டி அவர் உருளையும் குடைந்தார். 50 அங்குல விட்டமுள்ள உருளை ஒன்றைக் குடைந்தபோது, எவ்விடத்திலும் தேய்ந்த ஒரு ஷில்லிங் நாணயத்தின் கனத்துக்கு மேல் பிழையில்லை எனப் போல்டன் வியந்தார். நாணயத்தின் கனம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். 50 அங்குலம் 1270 மில்லிமீட்டர். அதாவது, பிழை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவே போதுமானதாயிற்று. 1776 இல் வாட்டின் இயந்திரங்கள் சுரங்கத்திலும் இரும்பு ஆலையிலும் ஓடத் தொடங்கின. ஆயிரத்தில் ஒரு பங்கு என்னும் இவ்வளவைப் படிப்போர் மனத்தில் இருத்திக்கொள்க.

இயந்திரங்கள் பெருகியதும் கணக்குகள் மலைபோல் குவிந்தன. ஒவ்வொரு சுரங்கத்துக்கும் ஆழம் வேறு, நீரின் அளவு வேறு. எனவே உருளையும், கொதிகலனும், பம்பும், கம்பியும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடப்பட வேண்டும். நிறுவனத்தின் வருவாயும் ஒரு கணக்கையே நம்பியிருந்தது. பழைய இயந்திரத்தைவிட எவ்வளவு நிலக்கரி மிச்சமாகிறதோ, அதில் மூன்றிலொரு பங்கின் விலையைச் சுரங்க உரிமையாளர் தர வேண்டும். வீச்சுகளை எண்ணுவதற்கென இயந்திரத்தோடு ஓர் எண்ணியைப் பூட்டிய பெட்டியில் வைத்திருந்தனர். இத்தனை பெருக்கல்களையும் தாளில் செய்து முடிக்க எவரால் இயலும்?

இங்கேதான் கணக்குக் கோல் அரங்கிற்கு வருகிறது. அதன் வேர் ஸ்காட்லாந்திலேயே உள்ளது. 1614 இல் ஜான் நேப்பியர் மடக்கை என்னும் கணித முறையை வெளியிட்டார்; பெருக்கலைக் கூட்டலாக மாற்றும் முறை அது. 1620 ஐ ஒட்டி எட்மண்டு கண்டர் என்பார் மடக்கைகளை ஒரு கோலின்மீது நீளங்களாகப் பொறித்து, கவராயத்தால் அந்நீளங்களை எடுத்துக் கூட்டினார். சில ஆண்டுகளில் வில்லியம் ஆட்ரெட் என்னும் பாதிரியார், அத்தகைய இரு கோல்களை அருகருகே வைத்து நகர்த்தினால் கவராயமே வேண்டா எனக் கண்டார்.

மாணவர் ஒருவர் அட்டைத் துண்டுகளைக் கொண்டே இதனைச் செய்து பார்க்கலாம். இக்கோலில் எண்கள் சம இடைவெளியில் நில்லா. 1 க்கும் 2 க்கும் இடையே எவ்வளவு நீளமோ, அவ்வளவு நீளமே 2 க்கும் 4 க்கும் இடையேயும், 4 க்கும் 8 க்கும் இடையேயும் இருக்கும். நகரும் கோலின் 1 ஐ நிலையான கோலின் 2 க்கு நேரே வைத்தால், நகரும் கோலின் 4 க்கு நேரே நிலையான கோலில் 8 நிற்கும். 2 ஐயும் 4 ஐயும் பெருக்கியாயிற்று. கோலை அசைக்காமல் கண்ணை மட்டும் நகர்த்தினால் 3 க்கு நேரே 6 ஐயும், 5 க்கு நேரே 10 ஐயும் காணலாம். ஒரே வைப்பில் ஒரு வாய்பாடு முழுதும் விரிந்து கிடக்கும்.

வாட்டின் காலத்துக்கு முன்பும் இங்கிலாந்தில் இக்கோல் வழக்கில் இருந்ததுண்டு. பீப்பாயில் உள்ள மதுவை அளந்து வரி விதிக்கும் அதிகாரிகளும், மரத்தை அளக்கும் தச்சர்களும் அதனைப் பயன்படுத்தினர். ஆனால் அக்கோல்களின் கோடுகள் பெரும்பாலும் செப்பமாக அமையவில்லை. கருவி செய்வதையே தொழிலாகப் பயின்ற வாட்டுக்கு அது பொறுக்குமா? 1782 இல் தம்மிடம் உதவியாளராகச் சேர்ந்த ஜான் சதர்ன் என்பாரோடு கூடி, இயந்திரக் கணக்குக்கெனவே ஒரு கோலை அவர் அமைத்தார். (சதர்ன் இசையில் மோகம் கொண்டவர், அதனைக் கைவிட்டால்தான் வேலை என்று வாட் நிபந்தனை பேசினார் என்பர். ஆர்கன் செய்தவரே இவ்வாறு கூறியது நமக்கு நகைப்பையே தருகிறது.) கெட்டியான பாக்ஸ் மரத்தில், ஏறக்குறைய பத்து அங்குல நீளத்தில், நுட்பமாகப் பிரிக்கப்பட்ட கோடுகளோடு அமைந்த அது சோஹோ கோல் எனப் பெயர் பெற்றது.

அதில் நான்கு கோடுகள் இருந்தன. மேல் மூன்றும் ஒரே வகை. கோலின் நீளத்துக்குள் 1 முதல் 10 வரையிலான அளவு இருமுறை அடங்கும். கீழுள்ள நான்காவது கோட்டில் அவ்வளவு ஒரே முறை நீண்டு செல்லும். எனவே கீழ்க்கோட்டில் எந்த எண்ணை எடுத்தாலும் அதன் வர்க்கம் மேற்கோட்டில் நேராக நிற்கும். உருளையின் விட்டத்தை வர்க்கமாக்கினாலன்றிப் பரப்பு கிடையாது. பரப்பின்றி ஆவியின் விசை கிடையாது. ஆதலின் அன்றாடம் தேவைப்படும் கணக்கு கோலின் உடலிலேயே பொறிக்கப்பட்டிருந்தது. இரும்பு, ஈயம், நீர் முதலிய பொருள்களுக்குரிய நிலை எண்கள் கோலின் பின்புறத்தில் அச்சிடப்பட்டிருந்தன.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மேற்சொன்ன 50 அங்குல உருளையின் பரப்பு 1963.5 சதுர அங்குலம். ஒவ்வொரு சதுர அங்குலத்தின்மீதும் பயன்படும் அழுத்தம் சுமார் 10 ராத்தல் எனக் கொண்டால் விசை 19,635 ராத்தல். கோலில் பார்ப்பவருக்கு 1960 என்றும் 19,600 என்றுமே தெரியும். கடைசி 35 ராத்தல் மறைந்துவிட்டதே என்று நல்ல கணக்காளர் ஒருவர் வருந்தலாம். ஆனால் அந்த 10 ராத்தல் என்பதே ஒருநாள் 9 ஆகவும் மறுநாள் 11 ஆகவும் இருக்கக்கூடியது. அளவே பத்தில் ஒரு பங்கு தடுமாறும்போது விடையைப் பதினாயிரத்தில் ஒரு பங்கு வரை எழுதுவது நுட்பமாகாது; அது பொய்யான நுட்பம். பத்தங்குலக் கோலைக் கவனமாகப் படித்தால் வரும் பிழை ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு. வில்கின்சன் குடைந்த உருளையின் பிழையும் ஏறக்குறைய அதே அளவினதே அன்றோ! பட்டறை எவ்வளவு நுட்பமாகச் செய்ய வல்லதோ, அவ்வளவு நுட்பமாகவே கோலும் சொல்லிற்று.

கோல் தராத ஒன்றும் உண்டு. 196 என்று அது காட்டுங்கால் அது 1.96 ஆ, 19.6 ஆ, 1960 ஆ என்று சொல்லாது. புள்ளி எங்கே விழும் என்பதைக் கணக்கிடுவோரே மனத்தால் முன்கூட்டி மதிப்பிட வேண்டும். ஐம்பதை ஐம்பதால் பெருக்கினால் இரண்டாயிரத்து ஐந்நூறு, வட்டம் அதில் நான்கில் மூன்றுக்குச் சிறிது மேல், ஆகவே விடை இரண்டாயிரத்தை ஒட்டியே இருக்கும் என மனம் முதலில் சொல்ல வேண்டும். பிறகே கண் கோலைப் படிக்க வேண்டும். இக்குறையையே நாம் அக்கோலின் பெருங்கொடையாகக் கருதுகிறோம்.

தோராயம் எங்கும் செல்லும் என்று எவரும் கொள்ளற்க. பற்சக்கரத்தின் பற்களைத் தோராயமாக எண்ண இயலாது. ஒரு பல் குறைந்தாலும் சக்கரம் பொருந்தாது. கூலிக் கணக்கும் அத்தகையதே. கொடுக்க வேண்டிய கூலியில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் கோலின் பெயரால் குறைப்பது தோராயம் ஆகாது, களவாகும்.

சோஹோ கோலை வாட் தமக்கும் சதர்னுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. பட்டறையின் மேலாட்களுக்கும் தேர்ந்த தொழிலாளர்களுக்கும் அது வழங்கப்பட்டது. 1827 இல் நீராவி இயந்திரம் பற்றிப் பெருநூல் எழுதிய ஜான் ஃபேரி இச்செய்தியைப் பதிந்து, கோலைக் கையாளும் முறையையும் விரித்துள்ளார். இதனை நாம் சிறு செய்தியாக எண்ணவில்லை. எவ்வளவு பெரிய உருளை, எவ்வளவு தடித்த கம்பி என்பதைக் கணக்கிடும் அறிவு, கல்லூரி கண்ட சிலரிடம் மட்டுமே இருந்த காலம் அது. மடக்கையின் தத்துவம் அறியாத ஒரு கொல்லரும் அக்கோலை நகர்த்தித் தம் வேலைக்குரிய அளவைத் தாமே கண்டறியலாயினார். சொன்ன அளவில் அடிப்பவராக இருந்தவர், சொன்ன அளவு சரிதானா என்று பார்ப்பவராகவும் ஆனார். சோஹோவிலிருந்து வேறு ஆலைகளுக்குச் சென்ற தொழிலாளரோடு கோலும் சென்றது.

குதிரைத்திறன் என்னும் அளவும் வாட்டின் தோராயத்திற்கு ஒரு நல்ல சான்று. 1782 ஐ ஒட்டி ஆலை உரிமையாளர்கள் இயந்திரம் வாங்க வந்தபோது, அது எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும் என்றே வினவினர். பொதுவாகச் சொல்லப்படும் கணக்கின்படி, 12 அடி ஆரமுள்ள வட்டத்தில் செக்கிழுக்கும் குதிரை மணிக்கு 144 முறை சுற்றுகிறது. 180 ராத்தல் விசையோடு இழுக்கிறது. இவற்றைப் பெருக்கினால் நிமிடத்துக்கு 32,572 அடி ராத்தல் வரும். வாட் அதனை 33,000 என முழுமையாக்கிக்கொண்டார். அவருக்கு முன் டெசாகுலியர் என்பார் 27,500 என்றும், ஸ்மீட்டன் என்னும் பொறியாளர் 22,916 என்றும் கண்டிருந்தனர். நாள் முழுதும் உழைக்கும் குதிரைக்கு வாட்டின் அளவு மிகுதியே. ஆயினும், பத்துக் குதிரை இயந்திரம் வாங்கியவர் பத்துக் குதிரைக்கு மேற்பட்ட வேலையைப் பெறுவார். குறை சொல்ல வரமாட்டார். பிழை எப்பக்கம் சாய வேண்டும் என்பதையும் தெரிந்து சாய்த்தவர் வாட்.

1784 இல் அவர் காப்புரிமை பெற்ற இணை இயக்கம் என்னும் பொறியமைப்பு இவ்வகையில் முடிமணியாகும். பிஸ்டன் தண்டு நேர்கோட்டில் மேலும் கீழும் செல்ல வேண்டும். அதனோடு இணைந்த பெருந்துலாவின் முனையோ வட்ட வில்லில் அசையும். இரண்டையும் இணைக்க வாட் சில சட்டங்களைக் கீல்களால் பூட்டினார். அவற்றில் ஒரு புள்ளி ஏறக்குறைய நேர்கோட்டில் செல்லும். முழு நேர்கோடு அன்று. அதன் முழுப் பாதையை வரைந்தால் எட்டு என்னும் ஆங்கில எண்ணைப் போல் வளையும். ஆனால் இயந்திரம் பயன்படுத்தும் நடுப்பகுதியில் வளைவு கண்ணுக்குப் புலப்படாது. தம் படைப்புகள் அனைத்திலும் இதனையே தாம் பெரிதும் பெருமையாகக் கருதுவதாக முதுமையில் அவர் தம் மகனுக்கு எழுதினார். குளிர்கலத்தைச் சொல்லவில்லை என்பது நோக்கத்தக்கது.

கணித அறிஞர்கள் இதனைக் கீழாக எண்ணவில்லை. ருஷ்ய நாட்டுப் பேரறிஞர் செபிஷேவ், வாட்டின் சட்டங்கள் நேர்கோட்டிலிருந்து எவ்வளவு விலகுகின்றன, அவ்விலகலை எவ்வாறு மிகக் குறைவாக்கலாம் என்று ஆராயப் புகுந்து, 1854 இல் வெளியான கட்டுரையில் தோராயம் பற்றிய ஒரு புதிய கணிதத் துறைக்கே அடிகோலினார். பிழையை ஓரிடத்தில் குவிக்காமல் எங்கும் சமமாகப் பரப்பினால் மிகப் பெரிய பிழை மிகச் சிறிதாகும் என்பது அதன் சாரம். ஆர்கனின் சுருதிப் பங்கீட்டை இங்கு நினைவுகூர்க. 1864 இல் பிரெஞ்சுப் படை அதிகாரி போசெலியே முழு நேர்கோட்டைத் தரும் சட்ட அமைப்பைக் கண்டுபிடித்தார். எனினும் நீராவி இயந்திரங்களில் வாட்டின் தோராய அமைப்பே நீடித்தது. குறைந்த சட்டங்களும் குறைந்த கீல்களும் கொண்டது அதுவே.

வாட்டின் பிற்காலத்தில் நமக்கு உடன்பாடில்லாத ஒரு பகுதியும் உண்டு. 1775 இல் பாராளுமன்றச் சட்டத்தால் அவருடைய காப்புரிமை 1800 வரை நீட்டிக்கப்பட்டது. தம் உரிமை எல்லைக்குள் கால் வைத்த பிற பொறியாளர்களை அவரும் போல்டனும் வழக்குமன்றம் வரை துரத்தினர். 1799 இல் தீர்ப்பு அவர்கள் பக்கமே அமைந்தது. உயர் அழுத்த ஆவியை வாட் ஆபத்தெனக் கருதி எதிர்த்தார். கொதிகலன் வெடிக்கும் என்ற அச்சம் பொய்யன்று. ஆயினும் 1800 க்குப் பின் டிரெவிதிக் முதலியோர் அவ்வழியே சென்றுதான் ஆவி வண்டியை ஓட்டினர். கோலைத் தொழிலாளர் கையில் கொடுத்தவரே, கண்டுபிடிப்பின் கதவை இருபத்தைந்தாண்டு பூட்டி வைத்தார் என்பதும் உண்மையே.

சோஹோ கோலின் வழிவந்த கோல்கள் பலவாகப் பெருகின. 1850 ஐ ஒட்டி பிரெஞ்சுப் பீரங்கிப் படை அதிகாரி மான்ஹைம், நகரும் குறிமுள்ளோடு கூடிய புதிய அமைப்பைத் தந்தார். அதுவே உலகெங்கும் பரவியது. நம் நாட்டுப் பொறியியல் மாணவர்களும் 1970 ஆம் ஆண்டுகள் வரை அதனைப் பையில் வைத்துத் திரிந்தனர். 1972 இல் சட்டைப்பையில் அடங்கும் மின்னணுக் கணக்குப்பொறி வந்தது. சில ஆண்டுகளிலேயே கோல்களின் உற்பத்தி நின்றுபோயிற்று. இன்றைய பொறி பத்து இலக்கங்களைக் காட்டுகிறது. அவற்றுள் எத்தனை இலக்கங்கள் மெய் என்பதை அது சொல்வதில்லை. மாணவர்தம் விடைத்தாள்களில் ஒரு தூணின் உயரம் மில்லிமீட்டரின் பதினாயிரத்திலொரு பங்கு வரை எழுதப்பட்டிருப்பதை ஆசிரியப் பெருமக்கள் பலர் கண்டிருப்பர்.

1800 இல் வாட் தொழிலைத் தம் மக்களிடம் ஒப்படைத்து ஓய்வு பெற்றார். பர்மிங்ஹாமுக்கு அருகே ஹீத்ஃபீல்டு என்னும் தம் இல்லத்தின் மேல்மாடத்தில் ஒரு சிறு பட்டறை அமைத்து, சிலைகளைப் பார்த்து அதே வடிவில் செதுக்கும் இயந்திரங்களைச் செய்துகொண்டிருந்தார். 1819 ஆகஸ்டு 25 ஆம் நாள், தம் 83 ஆம் வயதில் மறைந்தார். 1882 இல் திறனின் அலகுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. இன்று மின்விளக்கு வாங்கும் ஒவ்வொருவரும் அப்பெயரை உச்சரிக்கின்றனர். மேல்மாடத்துப் பட்டறையோ அவர் விட்டுச்சென்றவாறே நெடுங்காலம் இருந்தது. அங்கிருந்த மேசையையும் கடைசல் பொறியையும் ஆயிரக்கணக்கான சிறு பொருள்களையும் 1924 இல் எடுத்துச் சென்று லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் வைத்தனர்.